லோயர் பண்ணின காரை வாட்டர் வாஷ் விடுவது எப்படி

என் போலோ காருக்கு, அதன் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கோவையில் ஓட்டுகிறேன். ஸ்பீடு பிரேக்கர், குழி, பார்க்கிங் சரிவு எல்லாம் முதல் மாதமே பழகிவிட்டன. வாட்டர் வாஷ் மட்டும் பழகவில்லை. இரண்டு முறை சேம்பர் கார்டு (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு) உரசியது, ஒருமுறை முன் பம்பர் லிப் (பம்பருக்குக் கீழே ஒட்டும் பட்டை) இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கையும், இப்போது நான் செய்யும் முறையையும் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஸ்பிரிங் மாற்றியவர்கள் முதல் வாஷுக்குப் போகும் முன் படித்துவிடுங்கள்.

1. மூன்று அளவுகள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். காலி வண்டியை அளந்தால் தப்பான எண் கிடைக்கும்.

முதலாவது, லிப்பின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரம். என் வண்டியில் 13 செ.மீ. இரண்டாவது, நடுவில் மிகத் தாழ்வாக இருக்கும் பொருளின் உயரம். எனக்கு அது சேம்பர் கார்டு, 12 செ.மீ. சிலருக்கு அது சைலன்சர் பைப்பாக இருக்கும், குனிந்து பாருங்கள். மூன்றாவது, முன் சக்கரத்தின் மையத்திலிருந்து லிப்பின் முனை வரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. என்னுடையது 80 செ.மீ. இந்த மூன்றாவது அளவை யாரும் எடுப்பதில்லை. லிப் உடைவது பெரும்பாலும் இதனால்தான்.

இதோடு வீல்பேஸும், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரமும் தெரிய வேண்டும், அதை அளக்க வேண்டாம், வண்டியின் கையேட்டில் இருக்கும். போலோவுக்கு ஏறக்குறைய 247 செ.மீ.

2. சரிவுக் கணக்கு

வாஷ் கடையில் இருக்கும் சிமெண்ட் ராம்ப் எத்தனை அடி நீளத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது என்று பாருங்கள். 8 அடி நீளத்தில் 1 அடி ஏறினால் சரிவு எட்டில் ஒன்று. டேப் இல்லையென்றால் காலடி வைத்து அளந்தாலும் போதும்.

அடிவாரத்தில்: லிப்பின் நீட்டத்தைச் சரிவால் பெருக்குங்கள். 80 செ.மீ., எட்டில் ஒன்று, ஆக 10 செ.மீ. முன் சக்கரம் ராம்ப்பைத் தொடும்போது லிப்புக்கு நேர் கீழே ராம்ப் 10 செ.மீ. உயர்ந்திருக்கும். என் லிப் 13-இல் இருப்பதால் தப்பிக்கும். அதே ராம்ப் ஆறில் ஒன்றாக இருந்தால் 13.3 செ.மீ. கண்டிப்பாகத் தட்டும்.

உச்சியில்: முன் சக்கரம் மேடையிலும் பின் சக்கரம் சரிவிலும் இருக்கும்போது நடுப்பகுதி அடி தட்டும். இதற்கு வீல்பேஸை நான்கால் வகுத்து, சரிவால் பெருக்குங்கள். எட்டில் ஒன்றுக்கு 7.7 செ.மீ., ஆறில் ஒன்றுக்கு 10.3 செ.மீ. என் சேம்பர் கார்டு 12-இல் இருப்பதால் இரண்டிலும் தப்பும். பின்னால் நண்பர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் தப்பாது. முதல் இரண்டு உரசலும் அப்படி ஆட்களோடு ஏற்றியபோது நடந்தவைதான். ராம்ப்புக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிவிடுங்கள், டிக்கியில் இருக்கும் சாமானையும் எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரையே தாண்டுது, ராம்ப் என்ன பெரிசா" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஐஆர்சி 99 (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிமுறைப்படி வில்போல் வளைத்துக் கட்டிய ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். 10 செ.மீ. என்றதும் பயமாக இருக்கும். ஆனால் அவ்வளவு அகலமாக இருப்பதால், 247 செ.மீ. வீல்பேஸ் உள்ள வண்டியின் நடுப்பகுதிக்கு அது 4.5 செ.மீ. அளவுக்குத்தான் குறுக்கே வரும். விதிப்படி கட்டியதில் நம் வண்டி தட்டவே தட்டாது. நம்மைத் தட்டுவதெல்லாம் யாரோ ராத்திரியில் சிமெண்ட் கொட்டி எழுப்பிய குறுகலான மேடுகள். அதனால் நல்ல ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதை வைத்து ராம்ப்பை முடிவு செய்யாதீர்கள்.

3. இறங்கும் பக்கத்தையும் அளங்கள்

நான் லிப்பை உடைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கடையில் ராம்ப் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு பக்கம் ஏறி, கழுவி முடித்து, மறுபக்கம் ரோட்டை நோக்கி இறங்க வேண்டும். ஏறும் பக்கம் எட்டில் ஒன்று. அலுங்காமல் ஏறியது. கழுவி முடித்ததும், "நேரா இறக்கிடுங்கண்ணா" என்று தம்பி கை காட்டினான். நானும் இறக்கினேன். அடிவாரத்தில் படார் என்று சத்தம்.

மறுநாள் போய் அளந்தேன். ரோடு பக்கம் இடம் போதாததால் அந்தச் சரிவைக் குறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு 9 அடி நீளம், அதாவது ஆறில் ஒன்று. மேலே போட்ட கணக்குப்படி 13.3 செ.மீ. தேவை, என்னிடம் இருந்தது 13.

அதோடு நான் பிரேக் வேறு பிடித்திருந்தேன். ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிறோம், வண்டியின் மூக்கு கொஞ்சம் தூக்கும். இறங்கும்போது பிரேக் பிடிக்கிறோம், எடை முன்னால் சாய்ந்து மூக்கு அமுங்கும். ஒரே சரிவாக இருந்தால்கூட, முன்பக்கமாக இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. ஏறும்போது இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இருந்தது என்று நம்பி இறங்கினால், பிரேக் அதைத் தின்றுவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். முடிந்தவரை ஏறிய வழியிலேயே ரிவர்ஸில் இறங்குகிறேன். பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கம் லிப் அளவுக்குத் தாழ்வாக இருக்காது. முன்பக்கமாகத்தான் இறங்க வேண்டும் என்றால், பிரேக்கை ராம்ப்பின் மேல்பகுதியிலேயே பிடித்து, வேகத்தைச் சாகடித்துவிட்டு, முதல் கியரில் ஊர விடுகிறேன். கடைசி மூன்று அடியில் பிரேக் பெடலைத் தொடுவதில்லை. ராம்ப் ஈரமாகவும் சோப்பு நுரையோடும் இருக்கும், தம்பியிடம் சொல்லி முதலில் தண்ணீர் அடித்து நுரையைக் கழுவச் சொல்லுங்கள்.

ராம்ப் ஒரு வண்டி அகலத்துக்கு மேல் இருந்தால் சாய்வாக ஏறலாம், ஒரு சக்கரம் முதலில் ஏறி மூக்கைத் தூக்கிக் கொடுக்கும். குறுகலான ராம்ப்பில் இதை முயற்சி செய்யவே வேண்டாம்.

4. சாரப் பலகை

ரப்பர் ராம்ப், மடக்கு ராம்ப் என்று கடைகளில் நிறைய விற்கிறார்கள். நான் இரண்டு வகை வாங்கிப் பார்த்தேன், ஈரத் தரையில் இரண்டும் வழுக்கின. எனக்குப் பிடித்தது கட்டடக்காரர்கள் சாரத்துக்குப் போடும் பலகைதான். 4 செ.மீ. தடிமன், மூன்றடி நீளத்துக்கு இரண்டு துண்டு அறுத்து, அடியில் பழைய டியூப் ரப்பரை ஆணி அடித்து வைத்திருக்கிறேன். டிக்கியில் கிடக்கும்.

ராம்ப் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாகப் போட்டு ஏறினால், முன் சக்கரம் 4 செ.மீ. உயரும். லிப் சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது 5 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே உயரும். ஆறில் ஒன்று சரிவுக்கும் இது போதும்.

5. ஹைட்ராலிக் லிஃப்ட்

நம் ஊரில் இரண்டு வகை பார்க்கலாம்.

சக்கரங்கள் தடத்தில் நிற்க, தடத்தோடு சேர்த்துத் தூக்குவது ஒரு வகை. இதில் ஏறும் தகடு குட்டையாக இருக்கும், சரிவுக் கணக்கு உதவாது. லிஃப்ட் முழுக்க இறங்கிய நிலையில் தடத்தின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். உங்கள் லிப் அதைவிட உயரமாக இருந்தால் ஏற்றலாம். லிப்பின் உயரத்துக்கு ஒரு ரீப்பர் துண்டை அறுத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம், தடத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இரண்டு தடங்களுக்கும் நடுவில் இருக்கும் குறுக்குச் சட்டத்தையும் அதே துண்டை வைத்துப் பாருங்கள்.

சக்கரங்கள் தொங்க, பாடிக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்குவது இன்னொரு வகை. இதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். சைடு ஸ்கர்ட் (கதவுகளுக்குக் கீழே ஓரமாகப் போடும் பட்டை) போட்டிருந்தால் முட்டு ஜாக்கி பாயிண்ட்டில் உட்காராமல் ஸ்கர்ட்டை நசுக்கும். அதைவிட முக்கியம், கம்பெனி ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியவர்கள் இந்த லிஃப்ட் பக்கமே போகக் கூடாது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். கீழே இறக்கும்போது சரியாக உட்காராவிட்டால் ரோட்டில்தான் தெரியவரும். ஸ்பிரிங்கை வெட்டவே வேண்டாம் என்பது என் கருத்து, அதற்கென்று செய்த ஸ்பிரிங்கை வாங்கிப் போடுங்கள்.

எந்த லிஃப்டானாலும், எந்த ராம்ப்பானாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். "தம்பி, வண்டி லோயர் பண்ணினது, நானே ஏத்தி இறக்கிக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி ஏற்றுகிற கை, நம் வண்டியையும் அதே வேகத்தில்தான் ஏற்றும். அவர்கள் மேல் குற்றம் இல்லை. அப்புறம், வண்டிக்கு முன்னால் அவரைக் குனிந்து பார்த்துச் சைகை காட்டச் சொல்லுங்கள். சந்தோஷமாகவே செய்வார்கள்.

6. தண்ணீர் அடிக்கும்போது

லிப் வெறும் டேப்பில் ஒட்டியிருந்தால், கன் முனையை அதன் விளிம்பில் நேராகக் காட்டக் கூடாது. ஓரத்தில் தண்ணீர் புகுந்து தூக்கிவிடும். ஒரு அடியாவது தள்ளி நின்று, மேலிருந்து கீழாக அடிக்கச் சொல்லுங்கள். இறக்கிய வண்டியில் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடம் குறைவு, முனையை உள்ளே நுழைத்து டயரின் பக்கவாட்டில் ஒட்டி அடிப்பார்கள். அதையும் தடுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து வைத்தால் உள்ளே அடிக்க இடம் கிடைக்கும்.

காயில்ஓவர் (மரையைத் திருகி உயரத்தை மாற்றும் சஸ்பென்ஷன்) போட்டவர்கள் அந்த மரையில் சேறு காயவிடாதீர்கள். பழைய டூத் பிரஷ் போதும்.

கழுவி முடித்ததும் "அடியில டீசல் அடிச்சு விடட்டுங்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பளபளப்பு இரண்டு நாள்தான். டீசல் பட்டால் சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் ஊறிப் பருத்து மென்மையாகிவிடும், பிரேக்கில் பட்டால் அது வேறு ஆபத்து. கெட்டியான ஸ்பிரிங் போட்ட வண்டியில் புஷ்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

7. ஆட்டோமேடிக் வாஷ்

வண்டி நிற்க, மெஷின் முன்னும் பின்னும் நகர்ந்து கழுவுவதுதான் நமக்கு ஏற்றது. கன்வேயரில் வண்டியையே இழுத்துக்கொண்டு போகும் வகையில், சக்கரத்தை நேராக வைக்க இருபுறமும் இரும்புத் தடுப்பு இருக்கும். டயரைவிட ரிம் வெளியே தள்ளியிருந்தால் அந்தத் தடுப்பு ரிம்மைச் சுரண்டும். அடியில் தண்ணீர் பீய்ச்சும் பைப் தரையிலிருந்து புடைத்திருக்கிறதா என்றும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய ஸ்பாய்லர், துருத்திய லிப் இருந்தால் பிரஷ் மெஷின் வேண்டாம், தண்ணீர் மட்டும் பாய்ச்சும் வகையைத் தேடுங்கள்.

பின்னர் சேர்த்தது

ஹோண்டா சிட்டி வைத்திருக்கும் ஒருவர், என் கணக்கின்படி ஏற்றியும் நடுவில் உரசியது என்றார். சிட்டியின் வீல்பேஸ் 260 செ.மீ. எட்டில் ஒன்று சரிவுக்கே 8.1 செ.மீ. வருகிறது. என் எண்களை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வண்டியின் வீல்பேஸைப் போட்டுப் பாருங்கள். இதுவும் நேரான சரிவுக்குத்தான் பொருந்தும். உச்சியில் சிமெண்ட் புடைத்துக்கொண்டிருந்தால் அந்தப் புடைப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் உரசியது அப்படி ஒரு புடைப்பில்தான்.

ஏர் சஸ்பென்ஷன் வைத்திருக்கும் இன்னொருவர், ராம்ப்பில் உயர்த்தி ஏற்றியபின் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று முழுக்க இறக்கியிருக்கிறார். தடத்தின் விளிம்பு சைடு ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டது. தரையை விட்டு ஏறியது முதல் திரும்பத் தரைக்கு வரும்வரை உயரத்தை மாற்றாதீர்கள்.

வீட்டிலேயே கழுவினால் அடிப்பகுதியை எப்படிச் சுத்தம் செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். பிரஷர் வாஷருக்கு முனை வளைந்த நீளக் குழாய் தனியாகக் கிடைக்கும். அதை வண்டிக்கு அடியில் நீட்டி நான்கு பக்கமும் நடந்தால் போதும், தூக்க வேண்டியதே இல்லை. நான் இப்போது மாதம் இருமுறை இப்படித்தான் கழுவுகிறேன். மழைக்காலத்தில் சேறு கெட்டியாகப் பிடித்தால் மட்டும் கடைக்குப் போகிறேன், பலகையையும் ரீப்பர் துண்டையும் எடுத்துக்கொண்டு.