மைன்கிராஃப்டில் முதல் வயல்: புதியவர்களுக்கான செய்முறை

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் சர்வைவல் முறையில், அதாவது பசியையும் ஆபத்தையும் சமாளித்து உயிர் பிழைக்கும் முறையில், புதிதாக நுழைபவர்கள் முதல் சில நாட்களை ஆடு, மாடு, கோழி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துத் தின்றே ஓட்டிவிடுகிறார்கள். பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒரு கோழிகூட மிஞ்சுவதில்லை. திரையின் அடியில் பசியின் அளவைக் காட்ட வரிசையாக இருக்கும் பத்து இறைச்சித் துண்டுகளும் ஒவ்வொன்றாகக் காலியாகி மூன்றுக்கு வந்ததும் ஓட்டம் நின்றுபோகிறது. நடக்கத்தான் முடியும். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு எலும்புக்கூடு வில்லோடு எதிரே வரும்.

அப்போது அவசரம் அவசரமாக நாலு விதையைத் தூவிவிட்டு, "ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கிறது?" என்று அலுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த விளையாட்டில் பயிர் கடிகாரத்தைப் பார்த்து வளர்வதில்லை, பகடை உருட்டி வளர்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் பகடையை நம் பக்கம் சாய்க்கும் வேலைக்குத்தான் இங்கே உழவு என்று பெயர்.

ஒரு சொல் முன்கூட்டியே: கீழே வரும் எண்கள் கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு உரியவை. கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பில் வேகம் சற்று மாறலாம். முறை அதேதான்.

படி 1: விதையும் மண்வெட்டியும்

கோதுமை விதை வேண்டுமானால் புல்லை அடித்து உடையுங்கள். எட்டுப் புல்லுக்கு ஒரு விதை என்பது சராசரிக் கணக்கு. இருபது புல் அடித்தும் ஒன்றும் விழாத நாள் உண்டு. அதற்காக விளையாட்டில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். கத்தரிக்கோலால் மட்டும் வெட்டாதீர்கள். விதை வராது, புல்தான் கையில் வந்து சேரும்.

மண்வெட்டிக்கு இரண்டு பலகை, இரண்டு குச்சி போதும். கிராஃப்டிங் மேசையில் (பொருள்களைச் செய்யும் மேசை) மேல் வரிசையில் பலகைகளை அடுத்தடுத்து வைத்து, நடுக் கட்டத்திலிருந்து கீழாகக் குச்சிகளை வையுங்கள். மர மண்வெட்டியே முதல் வயலுக்குத் தாராளம். வைரத்தில் மண்வெட்டி செய்தாலும் கோதுமை ஒரு நொடிகூட முன்னதாக முற்றாது.

கேரட்டும் உருளைக்கிழங்கும் புல்லில் கிடைக்காது. கிராமத்து வயல்களில் கிடைக்கும். எடுத்துக்கொண்டால் கிராமத்தார் கோபிக்க மாட்டார்கள். ஆனாலும் பிடுங்கிய இடத்தில் ஒன்றைத் திரும்ப நட்டுவிட்டு வருவது என் பழக்கம். அந்த வயலை நம்பி ஒரு ஊரே இருக்கிறது அல்லவா!

படி 2: தண்ணீர்

உழுத மண் ஈரமாக இருக்க, நான்கு கட்டத் தொலைவுக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். குறுக்காக எண்ணினாலும் அதே நான்குதான். தண்ணீர் மண்ணின் மட்டத்திலோ, ஒரு பிளாக் (இந்த உலகைக் கட்டியிருக்கும் கனசதுரக் கட்டி) உயரத்திலோ இருக்கலாம். மண்ணுக்குக் கீழே இருந்தால் பயன் இல்லை.

இதிலிருந்து வயலின் அளவு தானாக வந்துவிடுகிறது. நடுவில் ஒரு கட்டம் தண்ணீர், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு நான்கு கட்டம். ஆக 9-க்கு 9, மொத்தம் 81 கட்டம். தண்ணீருக்கு ஒன்று போக 80 கட்டத்தில் பயிர். ஒரே ஒரு வாளித் தண்ணீர் எண்பது கட்டத்துக்குப் பாய்கிறது, ஒருபோதும் வற்றுவதில்லை. உண்மையான உழவர் யாரும் இதை நம்ப மாட்டார்.

வாளிக்கு மூன்று இரும்புக் கட்டி தேவை. இரும்பு இன்னும் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்; ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ கரையை ஒட்டி நான்கு வரிசை உழுதால் போதும். என் முதல் வயல் அப்படித்தான் தொடங்கியது.

பனி விழும் பகுதியில் குடியேறியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திறந்து கிடக்கும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிடும், வயல் காய்ந்துபோகும். நடுத் தண்ணீரின் மேல் ஒரு பிளாக்கை வைத்து மூடிவிடுங்கள். கால் தவறி உள்ளே விழுவதும் மிச்சம்.

படி 3: உழவு

மண்வெட்டியைக் கையில் பிடித்துப் புல்தரையிலோ மண்ணிலோ வலது சொடுக்குச் செய்தால் அந்தக் கட்டம் உழவு மண்ணாகும். சற்று நேரத்தில் அது கருத்தால் ஈரம் பிடித்துவிட்டது என்று பொருள். வெளிறியே இருந்தால் தண்ணீர் எட்டவில்லை, தொலைவை மறுபடி எண்ணுங்கள். காய்ந்த உழவு மண்ணில் எதுவும் நடாமல் விட்டால் அது பழையபடி வெறும் மண்ணாகிவிடும். அதனால் உழுத கையோடு விதைப்பதே நல்லது.

உழுத மண்ணில் நடக்கலாம், குதிக்கக் கூடாது. குதித்து இறங்கினால் மண் இறுகிப் பயிர் பிடுங்கிக்கொள்ளும். விளையாட்டில் வேகமாகப் போக எல்லோரும் ஓடிக்கொண்டே குதிப்போம். விரல் தானாக அந்த விசைக்குப் போய்விடும். அறுவடைக்கு ஐந்து நிமிடம் இருந்த ஒரு வயலின் குறுக்கே நான் ஒருமுறை அப்படி ஓடினேன். பின்னால் திரும்பிப் பார்த்தால், பொன்னிறக் கோதுமைக்கு நடுவே வெற்று மண் கட்டங்கள், ஏதோ யானை நடந்து போன தடம் மாதிரி வரிசையாக! அன்றிலிருந்து வயலுக்குள் காலடி வைத்ததும் அந்த விசையிலிருந்து விரலையே எடுத்துவிடுகிறேன்.

படி 4: வரிசை மாற்றி விதையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு உலகம் 16×16×16 அளவுள்ள பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டியில் 4096 பிளாக். நொடிக்கு 20 முறை, ஒவ்வொரு முறையும் மூன்று பிளாக்கை விளையாட்டு குருட்டாம்போக்கில் தொடுகிறது. கணக்குப் போட்டால், ஒரு குறிப்பிட்ட பயிருக்குச் சராசரியாக 68 நொடிக்கு ஒருமுறை அழைப்பு வருகிறது. அழைப்பு வந்த உடனே வளர்ந்துவிடாது. அப்போதுதான் பகடை உருள்கிறது. விழுந்தால் ஒரு படி வளரும். கோதுமை முற்ற ஏழு முறை அப்படி விழ வேண்டும்.

பகடை எவ்வளவு சாதகம் என்பதற்குப் புள்ளிக் கணக்கு இருக்கிறது. பயிரின் அடிமண் ஈரமாக இருந்தால் 4 புள்ளி, காய்ந்திருந்தால் 2. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் உழுத ஈர மண் ஒவ்வொன்றுக்கும் 0.75, காய்ந்த உழவு மண்ணுக்கு 0.25. எட்டும் ஈரமாக இருந்தால் மொத்தம் 10 புள்ளி. அழைப்புக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. இதுதான் உச்சம்.

ஆனால் ஒரு தண்டனை இருக்கிறது. அதே பயிர் மூலைவிட்டத்தில் இருந்தாலும், நெடுக்கிலும் குறுக்கிலும் ஒருசேர இருந்தாலும் புள்ளி பாதியாகிவிடும். வயல் முழுக்கக் கோதுமை மட்டுமே போட்டால் ஒவ்வொரு செடிக்கும் இந்தத் தண்டனை விழுகிறது. வாய்ப்பு ஆறில் ஒன்றாகிறது.

தப்பிக்கும் வழி சுலபம். ஒரு வரிசை கோதுமை, அடுத்த வரிசை கேரட், மறுபடி கோதுமை, மறுபடி கேரட். அப்போது கோதுமைக்குத் தன் இனத்து அண்டைச் செடிகள் முன்னும் பின்னும் மட்டும்தான். பக்கத்திலும் மூலையிலும் வேறு பயிர். தண்டனை இல்லை.

இதன் விளைவை நிமிடத்தில் பாருங்கள். வரிசை மாற்றி நட்ட ஈர வயலின் நடுப்பகுதியில் கோதுமை முற்றச் சராசரியாக 24 நிமிடம். ஒரே பயிராக அடைத்து நட்டால் 48 நிமிடம். தண்ணீர் இல்லாமல் தனியாக ஒற்றைச் செடி நட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை இழுக்கும். விதை அதே விதைதான்.

கேரட் இன்னும் கைக்கு வரவில்லையா? ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கோதுமை போடுங்கள். இடைப்பட்ட வரிசையில் இருக்கும் ஈரமான உழவு மண்ணுக்கும் 0.75 புள்ளி உண்டு. ஆனால் விளைச்சல் பாதிதான், அதனால் நான் இதைத் தற்காலிக ஏற்பாடாகவே வைத்துக்கொள்வேன். இன்னொன்று: ஓரத்துச் செடிக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று, மூலைச் செடிக்கு ஐந்தில் ஒன்று, அவற்றைச் சுற்றி உழுத மண் குறைவு என்பதால். நடுவில் தண்ணீரை ஒட்டிய செடிகளுக்குக் குறை ஒன்றும் இல்லை.

படி 5: வேலியும் வெளிச்சமும்

ஆடுமாடுகள் கோதுமையைத் தின்னாது. ஆனால் துள்ளி இறங்கினால் மண்ணைக் கெடுத்துவிடும். முயல் கேரட்டைத் தின்னவே செய்யும். ஆகவே வேலி வேண்டும். 9-க்கு 9 வயலை ஒட்டிச் சுற்றினால் 40 கட்டம் வரும்: 39 வேலி, ஒரு கதவு. இதற்கு 18 மரத்துண்டு வெட்டினால் போதும், பலகையும் குச்சியும் அதிலேயே அடங்கிவிடும். கதவைப் பக்கத்தின் நடுவில் வைக்காதீர்கள். காரணம் அடுத்த பத்தியில்.

தீப்பந்தத்தின் வெளிச்சம் 14 அளவில் தொடங்கி, ஒரு கட்டம் தள்ளத் தள்ள ஒவ்வொன்றாகக் குறையும். பயிர் வளர 9 அளவாவது வேண்டும். நடுவில் ஒன்றை மட்டும் நட்டால் மூலைச் செடிக்குப் போய்ச் சேர்வது 5 அளவுதான். தண்ணீரை மூடிய பிளாக்கின் மேல் ஒன்று, வேலியின் நான்கு மூலையிலும் நான்கு, நான்கு பக்கத்தின் நடுவிலும் நான்கு என ஒன்பது தீப்பந்தம் வைத்தால் வயலில் ஒரு கட்டம்கூட 9-க்குக் கீழே போகாது. கதவின் மேல் தீப்பந்தம் நிற்காது, அதனால்தான் அதைச் சற்று ஓரமாக வைக்கச் சொன்னேன். நிலத்துக்கு அடியில் வயல் போடுபவர்களுக்கு இந்த ஒன்பது கட்டாயம். திறந்த வெளியில் அரக்கர்கள் வயலருகே முளைக்காமல் இருப்பதற்காகவாவது வையுங்கள். வயலோரம் ஒரு கிரீப்பர் (கிட்டே வந்து வெடிக்கும் அரக்கன்) வெடித்தால் பயிரோடு மண்ணும் போய்விடும்.

படி 6: காத்திருப்பு

விதைத்தவன் உறங்கினாலும் விதை உறங்காது என்பார்கள். மைன்கிராஃப்டில் விதைத்தவன் உறங்கினால் விதையும் உறங்கிவிடும். கட்டிலில் படுத்து எழுந்தால் இரவு தாண்டிப் போகிறதே தவிர, அந்த நேரத்துக்கான பகடைகள் உருள்வதில்லை. படுக்கும்போது இருந்த உயரத்திலேயே பயிர் காலையிலும் நிற்கும். வெகுதொலைவுக்குப் பயணம் போனாலும் இதே கதைதான். நீங்கள் இருக்கும் சுற்றுவட்டாரம் மட்டுமே இயங்குகிறது. விதைத்துவிட்டு வயலுக்குப் பக்கத்திலேயே சுரங்கம் தோண்டுங்கள், வீடு கட்டுங்கள், பெட்டிகளை அடுக்குங்கள்.

படி 7: அறுவடை

கோதுமை முற்றினால் கதிர் பழுப்பேறிப் பொன்னிறமாகும். பச்சை இருக்கும்போது வெட்டினால் ஒரு விதை மட்டும் திரும்பி வரும், அத்தனை நேரமும் வீண். முற்றியதை வெட்டினால் ஒரு கோதுமையும் ஒன்று முதல் நான்கு விதையும் கிடைக்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் முற்றினால் காய்தான் விதை; செடிக்கு இரண்டு முதல் ஐந்து வரை வரும், அதில் ஒன்றைத் திரும்ப நட வேண்டும். முதல் விளைச்சலில் கிடைத்த கேரட்டையெல்லாம் பசியில் தின்றுவிட்டு விதைக்கு ஒன்றுமில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று கோதுமையை வரிசையாக வைத்தால் ஒரு ரொட்டி. அது இரண்டரை இறைச்சித் துண்டை நிரப்பும். உருளைக்கிழங்கை உலையில் சுட்டால் ஒன்றே அதே இரண்டரையை நிரப்பும், பச்சையாகத் தின்றால் அரைதான். வயிற்றுக்கு உருளைக்கிழங்கே லாபம் என்பது என் கட்சி. கோதுமையை மாடு, ஆடு பெருக்கவும், விவசாயி வேலை பார்க்கும் கிராமத்தாரிடம் இருபதுக்கு ஒரு மரகதம் என்று விற்கவும் வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு அறுவடையில் எப்போதாவது பச்சை நிறத்தில் நச்சுக் கிழங்கு ஒன்று சேர்ந்து வரும். அதை வாயில் வைக்காதீர்கள்.

இரண்டு மூன்று அறுவடைக்குப் பிறகு பெட்டி முழுக்க விதை குவிந்துவிடும். கொஞ்சத்தைக் கோழிக்குப் போடுங்கள், கோழி பெருகும். மீதியை உரத்தொட்டியில் கொட்டுங்கள். ஏழு மர அரைப்பலகையில் தொட்டி செய்துவிடலாம். அது நிரம்ப இருபது விதைக்கு மேல் ஆகும், நிரம்பினால் ஓர் எலும்புத்தூள் கிடைக்கும். எலும்புக்கூட்டை வீழ்த்தி எடுத்த எலும்பு ஒன்றிலிருந்து மூன்று தூள் வரும், அதுதான் சீக்கிரம். ஒரு தூளைத் தூவினால் கோதுமை இரண்டு முதல் ஐந்து படி வரை ஒரே மூச்சில் ஏறும். நடுவில் நிற்கும் செடிகளுக்கு அதை வீணாக்க வேண்டாம், அவை தாமாகவே வந்துவிடும். மற்றதெல்லாம் பொன்னிறமாகி நிற்க, நான்கு மூலையில் மட்டும் பச்சையாக மிஞ்சியிருக்கும் அந்தச் செடிகளுக்குத் தூவிவிட்டு, வயலை ஒரே நடையில் அறுத்துக்கொண்டு வாருங்கள்.