மைட்டோகாண்ட்ரியா புரதம்: பேண்ட் வராததற்கு ஆன்டிபாடி மட்டும் காரணமல்ல

வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, தேடும் புரதத்தை ஒட்டிப் பிடிக்கும் ஆன்டிபாடியால் ஒரு கோடாக (பேண்ட்) காட்டும் சோதனை. அதில் மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் உறுப்பு) புரதத்துக்குப் பேண்ட் வரவில்லை என்றதும் முதல் பழி ஆன்டிபாடி மேல் விழும். அதற்கு முன்பு சாம்பிளை எப்படிச் சூடாக்கினீர்கள் என்று பாருங்கள். மற்றப் புரதங்களைப் போல 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வைத்தால், எம்டி-சிஓ1 போன்ற சவ்வுப் புரதங்கள் தண்ணீருக்கு ஒட்டாதவை என்பதால் ஒன்றோடொன்று திரண்டு ஜெல்லின் மேல் விளிம்பிலேயே நின்றுவிடும். எம்டி-சிஓ1 வர வேண்டிய 40 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே ஒன்றும் தெரியாது. கிணற்றுக்கு (ஜெல்லில் சாம்பிள் ஊற்றும் குழி) கீழே மட்டும் கறுப்பாக ஒரு தீற்றல் இருக்கும். 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்தாலே போதும். 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

முழுச் செல் லைசேட் (செல்லை உடைத்த கரைசல்) என்றால் கிணற்றுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம். பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியா என்றால் 5 முதல் 10. ஜெல் 12 சதவீதம்.

மெம்பிரேன் 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் (ஒருவகை பிளாஸ்டிக் தாள்) தான். காக்ஸ்-4 என்ற புரதம் வெறும் 17 கிலோடால்டன், சைட்டோகுரோம் சி அதைவிடச் சிறியது, 0.45-ல் இரண்டும் ஊடுருவிப் போய்விடலாம். மெத்தனாலில் அரை நிமிடம் நனைத்த பிறகே வையுங்கள். டிரான்ஸ்பர் (ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு மாற்றுவது) 100 வோல்ட், ஒரு மணி நேரம். அக்னி நட்சத்திரக் காலத்தில் பாளையங்கோட்டை மத்தியானத்துக்கு ஒரு ஐஸ் பேக் தாங்காது. பஃபர் சூடாகச் சூடாக மின்னோட்டம் ஏறி ஜெல் இளகும். பாதியில் ஐஸை மாற்றுங்கள். முடிந்தால் காலை வேளையிலேயே ஓட்டிவிடுங்கள்.

கன்ட்ரோலில்தான், அதாவது ஒப்பிடுவதற்காகக் கூடவே பார்க்கும் புரதத்தில்தான், பலர் கோட்டை விடுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் ஐந்து காம்ப்ளெக்ஸ்களிலிருந்து (ஆற்றல் தரும் புரதத் தொகுப்புகள்) தலா ஒரு புரதத்தைக் காட்டும் ஆன்டிபாடிக் கலவையான காக்டெயிலில் எஸ்டிஹெச்பி 30 கிலோடால்டனில் நிற்கும். கன்ட்ரோலாகப் போடும் விடாக் 32-ல் வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு கன்ட்ரோலான டாம்20-யும் காக்டெயிலின் என்டியுஎஃப்பி8-ம் 20 பக்கத்தில் மோதும். ஹெச்எஸ்பி60 மைட்டோகாண்ட்ரியாவுக்கு நெருக்கடி வந்தால் தானே கூடும், நம்ப முடியாது. ஆகவே மெம்பிரேனில் போன்சோ சாயம் போட்டு மொத்தப் புரதத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். விடாக்கைத் தனி ஜெல்லில் பாருங்கள். செல்லின் பொதுப் புரதமான ஆக்டின் மட்டும் போட்டால் காம்ப்ளெக்ஸ் குறைந்ததா, மைட்டோகாண்ட்ரியாவே குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு (கட்டாயம் பேண்ட் வர வேண்டிய சாம்பிள்) மேலப்பாளையத்தில் காலையில் வெட்டிய ஆட்டு இதயம் அருமையான பொருள், மைட்டோகாண்ட்ரியா நிறைந்தது. ஐஸில் கொண்டுவாருங்கள். ஆன்டிபாடி தாளில், அது வேலை செய்யும் விலங்காக மாடு அல்லது ஆடு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரைமரி (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) ஆட்டில் தயாரித்ததாக இருந்தால் மட்டும் இது கூடாது. செகண்டரி (பிரைமரியைப் பிடித்து அடையாளம் காட்டும் ஆன்டிபாடி) அந்தத் திசுவில் உள்ள ஆட்டு இம்யூனோகுளோபுலினையே, அதாவது ஆட்டின் சொந்த ஆன்டிபாடியையே, பிடித்து 50-லும் 25-லும் பேண்ட் காட்டும்.

பிளாக்கிங்குக்கு (மெம்பிரேனின் வெற்றிடங்களை அடைப்பது) சர்க்கரை சேர்க்காத, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 5 சதவீதம். பிரைமரி 1:1000-ல் தொடங்கி இரவு முழுக்க 4 டிகிரியில். பிரைமரியில் சோடியம் அசைடு இருக்கலாம், ஆனால் ஹெச்ஆர்பி என்ற நொதி இணைத்த செகண்டரியில் ஒரு துளியும் சேரக் கூடாது, நொதியைக் கெடுத்துவிடும். இடையில் மூன்று முறை நன்றாகக் கழுவுங்கள்.

ஆன்டிபாடி தாளில் மைனஸ் 20 என்று இருந்தால், வந்த அன்றே 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். ஐஸ் உறையாத, தானே பனி நீக்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம். அடிக்கடி சூடேறி இறங்கும். கரண்ட் போனாலும் தாங்கும்படி, ஃபிரீசருக்குள் ஜெல் பேக் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் டியூப்களை வையுங்கள். கூரியரில் ஐஸ் உருகி வந்திருந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள்; ஏற்கெனவே நல்ல பேண்ட் தந்த பழைய லைசேட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.