கொடுவாவும் பண்டுகப்பாவும் ஒரே மீன்: பல மொழிப் புக்மார்க்குகளை ஓர் எண்ணில் சேர்க்கும் முறை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வசிக்கும் நாங்கள் சிலர், மீன்வளம் பற்றிப் படிக்கும் இணையப் பக்கங்களைப் பொதுவான புக்மார்க் பட்டியல் ஒன்றில் சேர்த்து வருகிறோம். பக்கம் எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல்லாக ஒருவர் 'கொடுவா' என்று இடுகிறார். வீட்டில் தெலுங்கு பேசுபவர் 'பண்டுகப்பா' என்கிறார். ஆங்கிலக் கட்டுரையைச் சேர்ப்பவர் 'பாராமுண்டி' என்கிறார். மூன்றும் ஒரே மீன்தான் என்றாலும், ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் அகப்படுவதில்லை. 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ் போன்ற புக்மார்க் பகிர்வுத் தளங்கள் பரப்பிய குறிச்சொல் வெறும் எழுத்துக்கோவை என்பதே இதற்குக் காரணம்.

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, தரவுகளை இணையத்தில் ஒன்றோடொன்று இணைப்பதற்காக 2006-இல் எழுதிய இணைப்புத் தரவு விதிகளில் முதலாவது, ஒவ்வொரு பொருளுக்கும் தனி முகவரி வேண்டும் என்பது. 2012-இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு, அதாவது விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான தரவுக் களஞ்சியம், அத்தகைய முகவரியைக் 'கியூ' (Q) என்று தொடங்கும் எண்ணாகத் தருகிறது. சென்னை என்றாலும் மதராஸ் என்றாலும் அங்கே கியூ1352 தான்.

முதலில் ஒரு விரிதாளில் பக்க முகவரி, இட்ட குறிச்சொல், அதன் மொழி, கியூ எண் என நான்கு பத்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள். எண் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பழைய குறிச்சொல்லை அழிக்க வேண்டாம். பின்னால் எண் தவறென்று தெரிந்தால், குறிச்சொல் இட்டவர் எதைக் கருதினார் என்பதற்கு அதுவே சான்று.

அடுத்தது எழுத்துகளைச் சீராக்குவது. கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்தில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பல நிரல்களுக்கோ வேறு வேறு. ஆகவே எல்லாக் குறிச்சொற்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தான் நிரல்மொழியில் இது ஒற்றை வரி வேலை.

மூன்றாவதாக விக்கித்தரவில் கியூ எண்ணைத் தேட வேண்டும். தமிழ்ப் பெயரில் கிடைக்காவிட்டால் 'லேட்டஸ் கால்காரிஃபர்' என்னும் அறிவியல் பெயரை ரோமன் எழுத்தில் இட்டுத் தேடுங்கள். முதலில் வரும் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதன் கீழுள்ள விளக்கத்தைப் படியுங்கள். ராயபுரம் என்றால் ஊர்ப்பகுதி, 1856-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையம், சட்டமன்றத் தொகுதி என ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. நான் அவசரத்தில் ஒருமுறை ரயில் நிலையத்தின் எண்ணைப் போட்டுவிட்டு, மீன் ஏலம் பற்றிய பக்கங்களை ரயில்வே வரிசையில் கண்டு விழித்தேன்.

உண்மையில் சிக்கலானது வஞ்சிரம். கொடுவா ஓர் இனம். வஞ்சிரம் என்று சந்தையில் விற்பதோ ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள். பக்கத்தில் இனம் குறிப்பிடப்படாதபோது, துல்லியமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஏதோ ஓர் இனத்தின் எண்ணைப் போடுவது பொய்த் தகவலாகும். 'ஸ்காம்பரோமோரஸ்' என்னும் பேரினத்தின் எண்ணே போதும். பேரினம், இனம் என்ற தொடர்பு விக்கித்தரவிலேயே பதிவாகியிருப்பதால், பேரினத்தின் வழியாக இனங்களின் எண்களையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு இரண்டாவது தாள் ஒன்றில், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எல்லா மொழிப் பெயர்களையும் எழுதுங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 2009-இல் பரிந்துரைத்த, சொற்பட்டியல்களுக்கான ஸ்காஸ் (SKOS) தரத்தின்படி, ஒரு பொருளுக்கு ஒரு மொழியில் ஒரே முதன்மைப் பெயர்தான். மாற்றுப்பெயர்கள் எத்தனையும் இருக்கலாம். எங்கள் தாளில் வஞ்சிரம் முதன்மை, கன்னியாகுமரிப் பக்கத்து நெய்மீன் மாற்று. அங்குள்ளவர்கள் தங்கள் தாளில் இதைத் திருப்பிப் போட்டாலும் எண் மாறாது. எழுத்துப்பிழை வடிவங்களுக்கு 'மறைபெயர்' என்றொரு பத்தி வைத்தால் அவை தேடலுக்கு மட்டும் உதவும், திரையில் தோன்றா.

கடைசியாக, தேடும் சொல்லை இரண்டாம் தாளில் எண்ணாக மாற்றி, அந்த எண்ணைக் கொண்டு முதல் தாளை வடிகட்டுங்கள். விரிதாளின் தேடல் சூத்திரங்கள் தெரிந்தவருக்கு இது எளிது. 'பண்டுகப்பா' என்று இட்டுப் பாருங்கள்: கொடுவா வளர்ப்பைப் பற்றிய தமிழ்ப் பக்கமும் வர வேண்டும். வராவிட்டால் முதலில் அந்தக் 'கொ'வைச் சந்தேகியுங்கள்.