துவைக்கிற தண்ணீருக்கு ஒரு வழி

எங்கள் குழந்தைகள் இல்லத்தில் துவைக்கும் கல்லுக்குப் பின்னால் எப்போதும் சோப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும். கொசு, நாற்றம். வாய்க்கால் கட்ட மேஸ்திரி சொன்ன தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி இல்லங்களில் பிள்ளைகளே உறுப்பினராக உள்ள குழந்தைகள் குழு இருக்க வேண்டும்; எங்களிடம் அது நோட்டில்தான் இருந்தது. என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டேன்.

"வாழை வைக்கலாம்ணா, எங்க ஊர்ல அப்படித்தான்" என்றான் ஒருவன்.

சுவரை விட்டுத் தள்ளி இடுப்பளவு குழி. கடப்பாரை பெரிய பையன்களிடம், மண் சுமக்கும் பாண்டு பொடிசுகளிடம். அடியில் உடைந்த செங்கல், மேலே ஜல்லி, அதன்மேல் மணல். குழாய் வாயில் பழைய கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டினோம், தலைமுடியும் நூலும் அதில் நின்றுவிடும். அதை அடிக்கடி உதற வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும். உதறுவதற்கு முறை வைத்துப் பட்டியல் போட்டதும் பிள்ளைகள்தான். சுற்றிலும் வாழைக்கன்று, கல்வாழை, சேம்பு. கீரைக்கு மட்டும் நல்ல தண்ணீரில் தனிப் பாத்தி.

எந்தக் கன்று யாருடையது என்று சண்டை வராமலா இருக்கும்? ஓட்டுச் சில்லில் பெயர் எழுதி நட்டுக்கொண்டார்கள். தண்ணீர் இப்போது தேங்குவதில்லை. அடுத்து ஊஞ்சல் கம்பம் நடுகிறோம் என்கிறார்கள். அதற்கு மட்டும் மேஸ்திரியைத்தான் கூப்பிடப் போகிறேன்.