லெந்து காலத்தின் முதல் பிரசங்கம்: நாம் சறுக்கும் இடங்கள்

லெந்து என்பது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் உபவாச காலம்; அது தொடங்கும் நாள் சாம்பல் புதன். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாள் ஆராதனையில் நான் செய்த பிரசங்கம் ஒரு விலக்குப் பட்டியல். நாற்பது நாளும் கோழி வேண்டாம், கோப்பி வேண்டாம், தொலைக்காட்சித் தொடர் வேண்டாம். முடிந்ததும் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வாசலில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, எங்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் விடியற்காலையிலேயே வந்துவிடும். மதியம் பிரித்தால் சில நாள் புளித்திருக்கும். அதில் எதை விடட்டும்?"

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கேட்பவரின் தட்டைப் பார்க்காமல் உபவாசத்தைப் பேசுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய தவறு. அன்று வாசிக்கும் யோவேல் 2-ஆம் அதிகாரம் வஸ்திரங்களை அல்ல, இருதயங்களைக் கிழித்துக் கர்த்தரிடம் திரும்பச் சொல்கிறது. உபவாசம் அந்த அழைப்புக்குத் துணையாக வருகிறது. நானோ துணையை மட்டும் பிடித்துக்கொண்டேன். சில சபைகள் யோவேலுக்குப் பதிலாக ஏசாயா 58-ஐ வாசிக்கின்றன. பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதே உபவாசம் என்கிறது அது. அதை முன்பே படித்திருந்தால் அந்தத் தம்பியிடம் எதையும் விடச் சொல்லியிருக்க மாட்டேன்; முன்வரிசையில் இருந்த எங்களிடம்தான் பேசியிருப்பேன்.

அடுத்தது, மத்தேயு 6-ஐ வாசித்துவிட்டு நழுவுவது. உபவாசிக்கிறோம் என்று மனிதர் காணும்படி முகத்தை வாடவைக்காதீர்கள் என்று படிக்கிறோம். சற்று நேரத்தில் நெற்றியில் சாம்பலைப் பூசி அனுப்புகிறோம். சபையார் இந்த முரணைக் கவனிக்காமல் இருப்பதில்லை. பிரசங்கியார்தான் கவனிக்காதவர்போல் கடந்துவிடுகிறார். அதையே எடுத்துப் பேசுங்கள். (நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் தமிழ் முகத்தில் சாம்பலைக் கண்டால், கோயிலுக்குப் போய் வருகிறார் என்றே எதிரில் இருப்பவர் நினைப்பார். பக்தியைக் காட்டிக்கொள்ள அது அவ்வளவு உதவாது.)

லெந்தின் முதல் ஞாயிறு வாசிப்பு, இயேசுவின் வனாந்தரச் சோதனை. அதை எந்தச் சுவிசேஷத்திலிருந்து வாசிப்பது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாற்கு வாசிக்கப்படும் ஆண்டிலும் பலர் மத்தேயுவின் கல், அப்பம், தேவாலய உப்பரிகை என்றே பேசுகிறார்கள். மாற்கு அந்த நாற்பது நாளை இரண்டே வசனங்களில் முடிக்கிறார். மூன்று சோதனைகளும் அங்கே இல்லை, உபவாசம் என்ற சொல்லும் இல்லை. காட்டு மிருகங்கள் இருக்கின்றன. கையில் உள்ள பகுதியைப் பேசுங்கள். நாற்பது நாள் கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை வரை 46 நாள், அதில் ஆறு ஞாயிறுகள் கணக்கில் சேராது. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக் கேட்பார்கள்.

நாட்காட்டியைப் பார்க்காமல் எழுதுவதும் உண்டு. 2018-இலும் 2024-இலும் சாம்பல் புதன் காதலர் தினத்தில் வந்தது. 2026-இல் பிப்ரவரி 18, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். மனைவியின் பிறந்த வீட்டுக்குப் போகும் நாள் அது. சீனப் பெண்ணை மணந்த நம் சபையார் ஒருவர் மாமியார் பரிமாறும் மேசையில் அமர்ந்திருப்பார். அவரிடம் வெறுமனே "இன்று உண்ணாதீர்கள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு என்று அதே மத்தேயு 6 சொல்வதை அவருக்காகவே எடுத்துப் பேசலாம்.