இரு விமான நிலையங்களுக்கு இடையேயான தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

தொலைதூர விமானப் பயணத்தைத் திட்டமிடுவோர் பலர் பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தை வருகை நேரத்திலிருந்து கழித்துவிட்டு, கிடைத்த விடையைக் கண்டு குழம்புகின்றனர். தொலைவு, பறக்கும் நேரம், கடிகார நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டால் அந்தக் குழப்பம் வராது.

தொலைவைத் தட்டையான உலகப் படத்தில் அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையமும் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதால், படத்தில் அவற்றை இணைக்கும் நேர்க்கோடு பசிபிக் பெருங்கடலைக் கிடைமட்டமாகக் கடப்பதாகத் தெரியும். அவ்வழியே சென்றால் தொலைவு சுமார் 9,300 கிலோமீட்டர். உருண்டையான பூமியின் மீது மிகக் குறுகிய வழியோ வடக்கே வளைந்து, ஏறத்தாழ 48 பாகை அட்சரேகை வரை ஏறி இறங்கும் பெருவட்டப் பாதையாகும். அதன் நீளம் சுமார் 8,800 கிலோமீட்டர்தான். இதை நீங்களே கணக்கிட, இரு நிலையங்களின் அட்சரேகைகளுடைய சைன் மதிப்புகளைப் பெருக்கி, அவற்றின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கி வரும் எண்ணை அதனுடன் கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணை கோசைன் மதிப்பாகக் கொண்ட கோணத்தை (இங்கு ஏறத்தாழ 79.3 பாகை) 111.2 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தொலைவு வந்துவிடும். பூமி முழுக் கோளம் அல்லாததால் ஏற்படும் சிறு பிழையைப் பயணி பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்து, தொலைவை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், தரையிறங்குதல் ஆகியவற்றுக்காக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழித்தடத்தில் அது பத்தரை மணி நேரம் அளவில் வரும். ஆனால் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம், குறிப்பாகக் குளிர்காலத்தில், இந்தச் சராசரியை இரு பக்கமும் இழுக்கிறது: லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிச் செல்லும் விமானம் பத்து மணி நேரத்துக்குள்ளேயே சேர்ந்துவிடலாம், திரும்பும் விமானத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். வான்வெளித் தடைகளும் கணக்கைப் புரட்டக்கூடியவை. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பது மணி நேர அளவில் இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. ஆகவே கணக்கிட்ட எண்ணைவிட விமான நிறுவனத்தின் கால அட்டவணையையே நம்புவது நல்லது.

கடிகார நேரத்துக்கு, இரு நகரங்களின் நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுவதே பாதுகாப்பான வழி. டோக்கியோ அதைவிட 9 மணி நேரம் முன்னே இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரமும், கோடைக்கால நேர மாற்றம் நடப்பில் இருக்கும்போது 7 மணி நேரமும் பின்னே இருக்கிறது. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு டோக்கியோவில் புறப்பட்டால், அது உலகப் பொது நேரப்படி காலை 8 மணி. பத்து மணி நேரப் பயணத்துக்குப் பின் அது மாலை 6 மணியாகும். அதிலிருந்து எட்டைக் கழித்தால், இறங்கும் இடத்தில் அதே திங்கட்கிழமை காலை 10 மணி. இவ்வாறு புறப்பட்ட நேரத்துக்கு முன்பே சேர்வது அச்சுப்பிழையன்று, சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்ததன் விளைவு. திரும்பும்போது இதே கோடு ஒரு நாளை விழுங்கிவிடும் என்பதால், விடுதி முன்பதிவைப் புறப்படும் தேதிக்கு அல்லாமல் சேரும் தேதிக்கே செய்யுங்கள்.