ஜாதிக்காய் அளவுப் பொருளுக்கு எம்.ஆர்.ஐ.: சிக்னலைக் கூட்டும் வழிகள்

மனித உடலுக்காகச் செய்யப்பட்ட 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் பினாங்கின் பாலிக் பூலாவ் ஜாதிக்காய் ஒன்றை வைத்துப் படமெடுத்தால், முதல் படம் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். உடனே கை போவது ஆவரேஜ் எண்ணிக்கையை, அதாவது திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி காணும் தடவைகளை, கூட்டத்தான். ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

கணக்கைப் பாருங்கள். வோக்ஸலின் (படத்தின் மிகச் சிறிய கனசதுரத்தின்) பக்கத்தை 0.4 மி.மீ.யிலிருந்து 0.2 மி.மீ. ஆக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகிறது. சிக்னலும் எட்டில் ஒன்றாகிறது. ஸ்கேன் நேரத்தைக் கூட்டினால் சிக்னல்-இரைச்சல் விகிதம் நேரத்தின் வர்க்கமூல அளவுக்குத்தான் உயரும். ஆகவே இழந்த எட்டு மடங்கை மீட்க 64 மடங்கு நேரம் வேண்டும். 10 நிமிட ஸ்கேன் 10 மணி 40 நிமிடம் ஆகிவிடும். மாறாக, நல்ல காயிலால் (சிக்னலை வாங்கும் கம்பிச் சுருளால்) மூன்று மடங்கு கிடைத்தால் அது ஒன்பது மடங்கு நேரத்தைச் சேமித்ததற்குச் சமம். அதனால் முதலில் காயில், அடுத்து மாதிரி, பிறகுதான் ஸ்கேன் அமைப்பு.

காயில்

தலைக்கான காயிலுக்குள் 3 செ.மீ. பொருளை வைப்பது பெரும் வீண். காயில் பொருளை ஒட்டி இருக்க வேண்டும். ஆயத்தமாக இருப்பவற்றில் விரலுக்கோ மணிக்கட்டுக்கோ உள்ள சிறு காயிலைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை வளையக் காயில் ஏறக்குறைய தன் ஆர அளவு ஆழம் வரைதான் நன்றாகப் பார்க்கும், 3 செ.மீ. விட்டமுள்ள வளையம் 1.5 செ.மீ. ஆழத்துக்கு. பொருள் முழுவதும் ஒரே சீராகத் தெரிய வேண்டுமானால் அதைச் சுற்றிக் கம்பி சுற்றிய சொலினாய்ட் சிறந்தது. ஆனால் அதன் அச்சு ஸ்கேனர் குழாயின் நீளவாட்டில் இருக்கவே கூடாது. குறுக்காக இருக்க வேண்டும். வளையத்துக்கும் இதே விதி. அச்சு காந்தப்புலத்தோடு ஒரே திசையில் நின்றால் சிக்னல் அறவே வராது. காயில் பழுது என்று எண்ணித் தேடுவதில் பாதி நாள் போய்விடும்.

நீங்களே செய்வதானால் ஓர் அளவு: 1.5 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பியில் 3 செ.மீ. விட்ட வளையம். இதன் இண்டக்டன்ஸ் சுமார் 58 நானோஹென்றி. 3 டெஸ்லாவில் சிக்னல் வரும் அதிர்வெண்ணான 127.7 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர மொத்தம் 27 பிகோஃபாரட் அளவு தேவை. வளையத்தை எதிரெதிரே இரண்டு இடத்தில் வெட்டி, ஒன்றில் 47 பிகோஃபாரட் கப்பாசிட்டரையும், மற்றதில் 47 பிகோஃபாரட்டோடு இணையாக 1 முதல் 30 வரை திருப்பி மாற்றக்கூடிய ட்ரிம்மர் கப்பாசிட்டரையும் பற்றவையுங்கள். இது 122 முதல் 135 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும். சில 3 டெஸ்லா இயந்திரங்கள் உண்மையில் 123.2 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. உங்களுடையது எது என்று ஸ்கேனர் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பாசிட்டர் காந்தமற்றதாக இருக்க வேண்டும். பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸ் பக்கம் மின்னணுப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாதாரண செராமிக் கப்பாசிட்டர்களின் முனையில் நிக்கல் பூச்சு இருக்கும். நூலில் கட்டித் தொங்கவிட்டு நியோடிமியம் காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் அது படத்தில் கருந்துளை போடும்.

பொருளை உள்ளே வைத்த பிறகே டியூன் செய்யுங்கள். 50 ஓமுக்குப் பொருத்தி, நெட்வொர்க் அனலைசரில் (காயிலிலிருந்து திரும்பும் அலையை அளக்கும் கருவியில்) எதிரொளிப்பு மைனஸ் 20 டெசிபலுக்குக் கீழே இறங்கும் வரை திருப்புங்கள். பிறகு வெறுங்காயிலின் கியூ மதிப்பையும் (ஆற்றல் இழப்பு குறையக் குறைய இது கூடும்) பொருளோடு உள்ள கியூ மதிப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றானால் இரைச்சல் முழுவதும் காயிலிலிருந்தே வருகிறது என்று பொருள். சிறு பொருளுக்குப் பெரும்பாலும் இதுதான் நிலை. அப்போது கம்பியின் தடிமன், பற்றவைப்பின் தரம், கப்பாசிட்டரின் இழப்பு ஆகிய ஒவ்வொன்றும் நேரடியாகப் படத்தில் தெரியும்.

எச்சரிக்கை: வாங்குவதற்கு மட்டுமான காயிலில், ஸ்கேனர் அலை அனுப்பும் நேரத்தில் அதைச் செயலிழக்க வைக்கும் டையோடு சுற்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் காயில் சூடேறும், ஃபிளிப் கோணம் (அனுப்பும் அலை அணுக்காந்தங்களைச் சாய்க்கும் அளவு) கட்டுக்கடங்காது, ஸ்கேனரின் முன்பெருக்கியும் போகலாம். மருத்துவ இயற்பியலாளர் பார்த்து ஒப்புதல் தராமல் இணைக்காதீர்கள். இப்படிச் செய்த காயிலை ஆள் மீது வைக்கவே கூடாது.

மாதிரி

நீருக்கும் காற்றுக்கும் காந்த ஏற்புத்திறனில் சுமார் 9 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு) வேறுபாடு உண்டு. ஒரு சின்னக் குமிழ் கூடச் சுற்றியுள்ள புலத்தைக் கெடுத்துத் தன்னைவிடப் பெரிய கறுப்பை உண்டாக்கும். காய்ந்த ஜாதிக்காய் ஓட்டுக்குள் குலுங்கும். அந்தக் காற்று இடைவெளியே படத்தைக் கெடுத்துவிடும். மரத்திலிருந்து புதிதாகப் பறித்ததையே எடுங்கள். பருப்புக்குள் ஓடும் பழுப்பு வரிகள் தெளிவுத்திறனைச் சோதிக்க அருமையான இலக்கு. பருப்பிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதியான ட்ரைமிரிஸ்டின் 56 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உருகும்; அறை வெப்பத்தில் கெட்டியாக இருப்பதால் அதிலிருந்து சிக்னல் மிகக் குறைவு. சதைப்பகுதி பளிச்சென்றும் பருப்பு மங்கலாகவும் வந்தால் அது காயிலின் குற்றமல்ல.

பொருளை அசையாமல் பிடிக்க, மளிகைக் கடை அகர்-அகர் தூளே போதும். 100 மில்லி நீருக்கு 1 கிராம் போட்டுக் கொதிக்கவைத்து, 45 டிகிரிக்கு ஆறியதும் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். மேலிருந்து கொட்டினால் குமிழ் சேரும். பின்னணியில் சிக்னலே வேண்டாம் என்றால் ஹைட்ரஜன் இல்லாத ஃபோம்ப்ளின் திரவம் பயன்படுத்தலாம், விலை அதிகம். ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவின் டி2 (சிக்னல் தேயும் நேரம்) குறைந்திருக்கும். பிபிஎஸ் (பாஸ்பேட் உப்பு) கரைசலில் ஒரு நாளாவது ஊறவைத்து ஃபார்மலினை வெளியேற்றுங்கள்.

பினாங்குக் காற்றின் ஈரம் இன்னொரு தொல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை அப்படியே காயிலில் செருகினால் அதன்மேல் நீர் கோத்து, கப்பாசிட்டர் மேல் படலம் படிந்து, டியூனிங் நழுவிவிடும். மாதிரி அறை வெப்பத்துக்கு வந்ததும் துடைத்து வையுங்கள்.

ஸ்கேன் அமைப்பு

சிறு பொருளை மட்டும் வைத்தால் ஸ்கேனரின் தானியங்கி அளவீடு தோற்றுப்போகும். உடலை எதிர்பார்த்தே அது எழுதப்பட்டிருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு லிட்டர் சலைன் போத்தல் ஒன்றை வையுங்கள். அது காயிலை ஒட்டக் கூடாது. படத்துக்குள் மடிந்து விழாத இடத்திலும் இருக்க வேண்டும். ஷிம் பெட்டியை (காந்தப்புலத்தைச் சீராக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் கட்டத்தை) பொருளின் மீது மட்டும் இறுக்கமாகப் போடுங்கள்.

3டி ஸ்பாயில்ட் கிரேடியண்ட் எக்கோ என்னும் ஸ்கேன் வகை நல்ல தொடக்கம்: பார்வைப் பரப்பு 40 மி.மீ., மேட்ரிக்ஸ் 200×200×200, டிஆர் (அடுத்தடுத்த அலைத்துடிப்புகளுக்கு இடையிலான நேரம்) 30 மில்லி விநாடி. ஒரு முறை ஓட 20 நிமிடம். டி1 (சிக்னல் மீண்டும் திரளும் நேரம்) ஆயிரம் மில்லி விநாடியானால் எர்ன்ஸ்ட் கோணம் (அதிகச் சிக்னல் தரும் ஃபிளிப் கோணம்) 14 டிகிரி. திசுத் துண்டை டி1-ஐக் குறைக்கும் மருந்தான கடோலினியத்தின் 2 மில்லிமோலார் கரைசலில் ஊறவைத்தால் (0.5 மோலார் மருந்தானால் 100 மில்லிக்கு 0.4 மில்லி) டி1 சுமார் 110 மில்லி விநாடிக்கு இறங்கும்; கோணத்தை 40 டிகிரி ஆக்கினால் சிக்னல் சுமார் மூன்று மடங்கு. பலரும் கடோலினியத்தைச் சேர்த்துவிட்டுக் கோணத்தை மாற்ற மறக்கிறார்கள். பலனில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. தடித்த துண்டின் நடுவரை மருந்து ஊறப் பல நாள் ஆகும். அவசரப்பட்டால் விளிம்பு வெளுத்து நடு இருண்டிருக்கும்.

பேண்ட்விட்த்தை (வாங்கும் அதிர்வெண் அகலத்தை) பாதியாக்கினால் சிக்னல்-இரைச்சல் விகிதம் 1.4 மடங்கு கூடும். ஆனால் 3 டெஸ்லாவில் கொழுப்பு நீரிலிருந்து சுமார் 440 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. ஒரு பிக்சலுக்கு 100 ஹெர்ட்ஸ் என்றால் திரவ எண்ணெய் இருக்கும் இடம் நான்கு பிக்சலுக்கு மேல் நகர்ந்து தெரியும். எண்ணெய் உள்ள பொருளுக்கு 200க்குக் கீழே போகாதீர்கள்.

ஆவரேஜ் எடுக்கும்போது ஒரே நீண்ட ஸ்கேனாக ஓட்டாமல், 20 நிமிடத் துண்டுகளாகத் தனித்தனியே சேமியுங்கள். நீண்ட ஓட்டத்தில் அதிர்வெண் நகரும்; துண்டுகளாக இருந்தால் சீரமைத்துச் சேர்க்கலாம். காம்ப்ளெக்ஸ் தரவாகவே (அலையின் அளவும் கட்டமும் உள்ளதாக) சேர்த்துவிடுங்கள்: அளவு மட்டும் உள்ள மேக்னிட்யூட் படங்களைச் சேர்த்தால் இருண்ட பகுதியில் இரைச்சலின் அடித்தளம் அப்படியே நிற்கும். ஜீரோ ஃபில்லிங் (தரவின் ஓரங்களில் பூஜ்யம் நிரப்புவது) படத்தை வழவழப்பாக்கும், தகவல் எதையும் கூட்டாது.

அளந்து பார்க்க

ஒரே அமைப்பில் அடுத்தடுத்து இரண்டு ஸ்கேன் எடுங்கள். ஒன்றின் சராசரிச் சிக்னலை, இரண்டின் வித்தியாசப் படத்திலுள்ள திட்ட விலக்கத்தால் வகுத்து 1.41ஆல் பெருக்கினால் சிக்னல்-இரைச்சல் விகிதம் கிடைக்கும். பின்னணிக் கறுப்பிலிருந்து இரைச்சலை அளப்பதானால், ஒற்றைச் சானல் மேக்னிட்யூட் படத்தில் கிடைக்கும் விகிதத்தை 0.655ஆல் பெருக்க வேண்டும். பல சானல் காயிலுக்கு இந்த எண் பொருந்தாது.

மூடி இறுக்கிய ஒரு சிறு நீர்க்குப்பியைச் சோதனைக்கென்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் முன் இதே முறையில் அளந்து எழுதிவையுங்கள். எண் திடீரென விழுந்தால் முதலில் பற்றவைப்பில் விரிசலையும் கப்பாசிட்டர் மேல் ஈரத்தையும் தேடுங்கள். படத்தில் குறுக்கே புள்ளிக்கோடு ஓடினால் ஸ்கேன் அறைக் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறதா, வெளியிலிருந்து வயர் ஏதாவது உள்ளே வருகிறதா என்று பாருங்கள்.